முதலில் பிள்ளையின் வயதைக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டுக்கு மாற்றல் உறுதியானதும் பெரும்பாலான பெற்றோர் செய்யும் முதல் வேலை, அந்த நகரத்தின் ‘சிறந்த பத்து இன்டர்நேஷனல் பள்ளிகள்’ பட்டியலைத் தேடுவது. பெருநகரம் என்றால் இப்படிப் பல பட்டியல்கள் கிடைக்கும். எல்லாவற்றிலும் நீச்சல் குளம் இருக்கும், பெரிய அரங்கம் இருக்கும், பல நாட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கும். ஆரம்பப் பள்ளி வயதில் இப்படித் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டம் வராது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவராவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. மேல் வகுப்புப் பாடத்திட்டங்கள் எல்லாம் இடைநில்லாப் பேருந்து மாதிரி. குறிப்பிட்ட இடத்தில்தான் ஏறலாம், குறிப்பிட்ட இடத்தில்தான் இறங்கலாம்.

அதனால் எது நல்ல பள்ளி என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு எண்கள் தெரிய வேண்டும். போய்ச் சேரும்போது பிள்ளைக்கு என்ன வயது? அந்த ஊரைவிட்டுக் கிளம்பும்போது என்ன வயதாக இருக்கும்? இரண்டாவதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். இரண்டு வருட ஒப்பந்தம் ஆறு வருடமாக நீள்வதும் உண்டு, எட்டு மாதத்தில் மூட்டை கட்டச் சொல்வதும் உண்டு. இருந்தாலும் உத்தேசமாகவாவது ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தேடினால், பட்டியலில் பாதிப் பள்ளிகள் தானாகவே கழிந்துவிடும்.

பெயர்ப் பலகை என்ன சொல்கிறது?

இன்டர்நேஷனல் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறு ஆகிவிட்டது. ஜெனீவாவில் 1924-இல் தொடங்கிய பள்ளி, உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் பணிபுரிந்தவர்களின் பிள்ளைகளுக்கானது. அதே ஆண்டில் ஜப்பானின் யோகோஹாமாவிலும் ஒன்று தொடங்கியது. நாடு விட்டு நாடு போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இன்றைக்குப் பல நகரங்களில் அந்தப் படம் மாறிவிட்டது. ஆங்கிலவழிப் படிப்பையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தையும் விரும்பும் உள்ளூர்க் குடும்பங்கள்தான் இப்பள்ளிகளின் பெரிய வாடிக்கையாளர்கள். மலேசியாவில் உள்நாட்டு மாணவர்களுக்கு இருந்த 40 சதவீத உச்சவரம்பு 2012-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறு. அந்நாட்டுக் குடிமக்கள் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேரக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். சீனாவில் வெளிநாட்டுப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளிகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களை மட்டும் சேர்க்கின்றன. நீங்கள் போகும் நாட்டின் விதி எது என்பதைப் பொறுத்து, உங்கள் பிள்ளையின் வகுப்பில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அமையும். உள்ளூர்ப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் சாப்பாட்டு இடைவேளை உள்ளூர் மொழியில்தான் நடக்கும். புதிதாக வந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். வெளிநாட்டவர் மட்டும் படிக்கும் பள்ளியில் புதியவரைச் சேர்த்துக்கொள்வது எளிது, எல்லோருமே ஒருகாலத்தில் புதியவர்கள். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் நண்பர்கள் வேறு நாட்டுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எது தேவலை என்பது பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது.

‘இன்டர்நேஷனல்’ என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, வெளியிலிருந்து யார் வந்து சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். கவுன்சில் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ், அமெரிக்காவின் நியாஸ்க், வாஸ்க் போன்ற அமைப்புகள் அங்கீகாரம் தருகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு, அந்நாட்டு அரசின் தரத்தை ஒட்டிய ‘பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்’ ஆய்வு உண்டு. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) என்ற அமைப்பின் பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளி என்றால் அந்த அமைப்பே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு நடக்கும். ‘கேண்டிடேட் ஸ்கூல்’ என்று போட்டிருந்தால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, அனுமதி இன்னும் வரவில்லை என்று பொருள். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தால் அந்தப் பள்ளியை நம்பி உட்காருவது சரியில்லை.

ஏறும் இடம், இறங்கும் இடம்

பிரிட்டிஷ் முறையை எடுத்துக்கொள்வோம். பதினான்கு வயதில் இயர் 10 தொடங்கும். அதிலிருந்து இரண்டு வருடம் ஐஜிசிஎஸ்இ. கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் 1988-இல் அறிமுகப்படுத்திய தேர்வு இது. பியர்சன் எட்எக்செல் என்ற இன்னொரு வாரியமும் இதே தரத்தில் ஒன்று நடத்துகிறது. அதற்குப் பின் இயர் 12, 13 இரண்டு வருடம் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வுப் படிப்பு, பொதுவாக மூன்று பாடம். ஆக ஏறும் இடங்கள் இயர் 10-இன் தொடக்கமும் இயர் 12-இன் தொடக்கமும்தான். இயர் 11-இன் நடுவில் வந்து சேரும் பிள்ளை, தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும் நிலையில் வேறு பாடத்தொகுப்பைப் பிடிக்க வேண்டும். இரண்டு பள்ளிகளும் ஐஜிசிஎஸ்இ தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பள்ளி கேம்பிரிட்ஜ், இன்னொன்று எட்எக்செல் என்றால் இலக்கியத்துக்கு வைத்த நூல்களே வேறாக இருக்கும். தேர்வு வாரியத்தின் பெயரோடு பாடக் குறியீட்டு எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஐபி டிப்ளமோவும் இரண்டு வருடம், பதினாறு முதல் பதினெட்டு வயது வரை. ஆறு பாடங்கள், வழக்கமாக மூன்றை உயர்மட்டத்தில், மூன்றைச் சாதாரண மட்டத்தில் படிக்க வேண்டும். கூடவே அறிவுக் கோட்பாடு என்ற பாடம், 4000 சொல்லுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை, சேவை, கலை, விளையாட்டு சார்ந்த செயல்பாடுகள். பாடத்துக்கு 7 வீதம் 42, கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. தேறுவதற்கு வேறு சில நிபந்தனைகளோடு 24 மதிப்பெண் வேண்டும். 1968-இல் உருவான இந்த அமைப்பு ஊர் மாறும் குடும்பங்களுக்காகவே வந்தது என்று பலர் நம்புகிறார்கள். நம்பிக்கையில் தவறில்லை, ஆனால் டிப்ளமோவின் நடுவில் ஒரு ஐபி பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது நினைப்பதைவிடக் கடினம். பிள்ளை எடுத்த அதே ஆறு பாடங்களும் அதே மட்டத்தில் புதிய பள்ளியில் இருக்க வேண்டும். இலக்கிய நூல்களை ஒவ்வொரு பள்ளியும் தானே தேர்ந்தெடுக்கிறது. பாதியில் நிற்கும் செய்முறை ஆய்வுகளும் இருக்கும். உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டம் என்ற விளம்பரம் இந்த இரண்டு வருடத்துக்கு அவ்வளவாகச் செல்லாது.

ஐபி-யில் டிப்ளமோவுக்கு முந்தைய நிலையான எம்ஒய்பி (மிடில் இயர்ஸ் புரோகிராம்), பதினொன்று முதல் பதினாறு வயதுக்கானது. அது ஒரு சட்டகம் மட்டுமே. உள்ளே என்ன பாடம் என்பதைப் பள்ளியே நிரப்பிக்கொள்ளும். நடுவில் வந்து சேர்வதற்கு ஐஜிசிஎஸ்இ-யைவிட இது எளிது. ஆனால் முடிவில் வெளித்தேர்வு கட்டாயமில்லை என்பதால், பதினாறு வயதில் வேறு முறைக்குப் போகும் பிள்ளையின் கையில் பொதுச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் போகலாம். இதனால்தான் பல பள்ளிகள் பதினாறு வரை ஐஜிசிஎஸ்இ, பிறகு ஐபி டிப்ளமோ என்று ஒட்டுப்போட்டு நடத்துகின்றன. பார்க்கக் கலவையாகத் தெரிந்தாலும், ஊர் மாறும் குடும்பத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்பது என் கருத்து. பதினாறில் ஒரு சான்றிதழ் கையில் வந்துவிடும், அங்கிருந்து எந்தப் பக்கமும் திரும்பலாம்.

அமெரிக்க முறை இந்த விஷயத்தில் தாராளமானது. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் சேர்ந்துகொண்டே போகிறது. பட்டயத்தைத் தருவதும் பள்ளிதான். பதினொன்றாம் வகுப்பில் ஊர் மாறினாலும் சேர்த்த கிரெடிட்டுகளைப் புதிய பள்ளி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை யோசிக்கலாம். குறை என்னவென்றால், அமெரிக்காவுக்கு வெளியே பல பல்கலைக்கழகங்கள் வெறும் பள்ளிப் பட்டயத்தை ஏற்பதில்லை. கூடவே ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற கல்லூரித் தரப் பாடத் தேர்வுகளைக் கேட்கும். மே மாதம் நடக்கும் இத்தேர்வுகளில் 1 முதல் 5 வரை மதிப்பெண். எனவே ‘அமெரிக்கப் பாடத்திட்டம்’ என்று சொல்லும் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உண்மையிலேயே நடக்கின்றன என்று கேட்க வேண்டும். கையேட்டில் இருப்பது வேறு, இந்த வருடம் ஆசிரியர் இருந்து வகுப்பு நடப்பது வேறு.

இவை தவிர, ஒரு நாட்டின் தேசியப் பாடத்திட்டத்தையே வெளிநாட்டில் நடத்தும் பள்ளிகளும் உண்டு. பிரான்ஸின் வெளிநாட்டுப் பள்ளி வலைப்பின்னலில் ஏறத்தாழ 600 பள்ளிகள் இருக்கின்றன. ஒரே பாடத்திட்டம் என்பதால் ஒரு நாட்டில் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொரு நாட்டில் தொடரலாம். இந்தியாவின் சிபிஎஸ்இ பள்ளிகளும் வெளிநாடுகளில் உண்டு. அதில் மாணவர் பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடக்கிறது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் வேறு வாரியத்திலிருந்து நேராக வந்து சேர்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. திரும்பிப் போகும் நாடு எது என்பது உறுதியாகத் தெரிந்த குடும்பத்துக்கு இத்தகைய பள்ளிதான் நேர்வழி. இன்டர்நேஷனல் என்ற பலகை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை, செலவும் பெரும்பாலும் குறைவு.

வகுப்பு எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் இயர் 10 என்பது அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு. இங்கிலாந்தில் செப்டம்பர் 1-ஐ வைத்து வயதைப் பிரிக்கிறார்கள், வேறு நாடுகளில் வேறு தேதி. தென் அரைக்கோளத்தில் கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அங்கிருந்து வடக்கே வரும் பிள்ளை அரை வருடம் முன்னாலோ பின்னாலோ போய்த்தான் ஆக வேண்டும். பின்னால் போவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பெற்றோர் உண்டு. பதினான்கு வயதில் அரை வருடம் கூடுதலாகக் கிடைப்பது, மொழியும் ஊரும் புதிதாக இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நல்லதே.

பல்கலைக்கழகத்திலிருந்து பின்னோக்கி

பதினாறு வயதில் எடுக்கும் பாடங்கள் பதினெட்டு வயதில் எந்தக் கதவுகளைத் திறக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஐபி டிப்ளமோவுக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் எந்தப் பாடங்கள், எந்த மட்டம் என்பதற்கு அந்நாடு தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஐபி-யின் இரண்டு கணிதப் பாடங்களில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன்’ என்பதைச் சாதாரண மட்டத்தில் எடுத்தவருக்கு அங்கே கணிதம் கணக்கில் வராது. கணக்கு கஷ்டம் என்று சுலபமானதை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் மட்டுமில்லை, மொத்தப் பட்டப்படிப்பே சிக்கலாகலாம்.

இந்தியாவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு வேறு சிக்கல். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளமோவின் வழக்கமான அமைப்பில் அறிவியல் பாடங்கள் இரண்டுக்குத்தான் இடம். கலைப் பாடத்தின் இடத்தில் இன்னொரு அறிவியலைப் போடலாம் என்ற சலுகையால்தான் அந்த இரண்டாவதே வருகிறது. மூன்று வேண்டுமென்றால் பள்ளி வழியாகச் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே செய்தாக வேண்டும். சேர்க்கைப் பேச்சின்போதே இதைக் கேளுங்கள். முன்பு யாருக்காவது செய்து கொடுத்திருக்கிறோம் என்று சொல்லும் பள்ளிக்கும், விசாரித்துச் சொல்கிறோம் என்னும் பள்ளிக்கும் வித்தியாசம் உண்டு.

கட்டணம் சம்பந்தமான ஒன்றும் இங்கே சேரும். சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தாலே உள்நாட்டு மாணவர் கட்டணம் கிடைத்துவிடாது. இங்கிலாந்தில் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. தற்காலிக வேலைக்காகத்தான் குடும்பம் வெளியே இருந்தது என்று காட்ட முடிந்தால் விலக்குக்கு வழியுண்டு. வேலை ஒப்பந்தத்தின் நகலைப் பத்து வருடமானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

சராசரி மதிப்பெண்ணைப் படிக்கும் விதம்

பள்ளிகள் தங்கள் ஐபி சராசரியைப் பெரிய எழுத்தில் போடும். உலகச் சராசரி 30-ஐ ஒட்டியே இருக்கிறது, எங்களுடையது 36 என்று இருக்கும். எண் உண்மையாகவே இருக்கலாம். கேட்க வேண்டியது, அந்தச் சராசரி எத்தனை பேருடையது என்பது. சில பள்ளிகளில் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை முழு டிப்ளமோ வேண்டாம், தனித்தனிப் பாடச் சான்றிதழ் போதும் என்று திருப்பிவிடுவார்கள். சில பள்ளிகளில் பதினாறு வயதில் மெல்ல வெளியேயே அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் டிப்ளமோ எழுதினார்கள் என்று கேட்டால் பள்ளியின் மனசு தெரிந்துவிடும். எல்லோரையும் சேர்த்து எழுதவைத்து 32 வாங்கும் பள்ளி, வடிகட்டி எடுத்து 36 வாங்கும் பள்ளியைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆசிரியர்களைப் பற்றியும் இப்படித்தான். இத்துறையில் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம். வருடத்துக்கு வருடம் ஆட்கள் மாறுவது சகஜம். ஆனால் இயற்பியல் ஆசிரியர் தேர்வு வருடத்தின் நடுவில் கிளம்பினால் பாதிக்கப்படுவது பிள்ளைதான். போன வருடம் எத்தனை பேர் போனார்கள், தலைமையாசிரியர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மொழி

ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைக்குத் தனி வகுப்பு உண்டு என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். எந்த வயது வரை, அதற்குத் தனிக் கட்டணமா, எந்தப் பாடத்தை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றாடம் பேசும் ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். வரலாற்றுக் கட்டுரை எழுதும் ஆங்கிலம் வர அதைவிடப் பல வருடங்கள் ஆகும். சரளமாகப் பேசுகிறானே, ஏன் மதிப்பெண் வரவில்லை என்று பெற்றோர் குழம்புவது இந்த இடைவெளியில்தான்.

தாய்மொழியை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஐபி டிப்ளமோவில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியிலும் சொந்த மொழி இலக்கியத்தைச் சாதாரண மட்டத்தில் தானே படித்து எழுத ஓர் ஏற்பாடு உண்டு. வெளியிலிருந்து ஒரு பயிற்றுநரை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிள்ளைக்கு அந்த மொழியில் நாவலைப் படித்து விமர்சனம் எழுதும் அளவுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் அது வராது. பத்து, பதினொரு வயதிலேயே வாசிப்பு தொடங்கியிருக்க வேண்டும்.

பணமும் தூரமும்

ஆண்டுக் கட்டணம் என்று போட்டிருப்பது முழுத் தொகை இல்லை. விண்ணப்பக் கட்டணம், நுழைவு மதிப்பீட்டுக் கட்டணம், டெபாசிட், கட்டட நிதி, பேருந்து, தேர்வுக் கட்டணம், களப் பயணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சில நகரங்களில் கடன் பத்திரம் என்ற பெயரில் பெரிய தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டிய நிறுவனங்களின் ஊழியர்களுடைய பிள்ளைகளுக்குக் காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை கிடைக்கும். இதில் எதையெதை கம்பெனி தரும் என்பதை வேலையை ஏற்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டும். சில நாடுகளில் கம்பெனி கட்டும் பள்ளிக் கட்டணம் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி விழும் என்பதையும் எச்.ஆர். தானாகச் சொல்லாது. பிள்ளையை நிறுத்துவதாக ஒரு பருவத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அந்தப் பருவத்தின் கட்டணம் போய்விடும் என்ற விதி பரவலாக உண்டு. திடீர் மாற்றலுக்கு ஆளாகும் குடும்பங்களைத்தான் அது முதலில் கடிக்கும்.

வீட்டைப் பிறகு பாருங்கள், பள்ளி முதலில். பெருநகரத்தில் இதை மாற்றிச் செய்தால் பிள்ளை தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மாலையில் ஒத்திகை, விளையாட்டுப் பயிற்சி இருக்கும் என்பதால், தாமதமாகக் கிளம்பும் பேருந்து ஒன்று இருக்கிறதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் நண்பர்கள் சேரும் நேரத்தில் உங்கள் பிள்ளை மட்டும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

கற்றலில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை என்றால் அதை மறைக்க வேண்டாம். சேர்க்கை மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அறிக்கையை உள்ளே வைத்துக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். பிறகு தெரிய வந்தால் சேர்க்கையையே ரத்து செய்யும் உரிமையைப் பள்ளிகள் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கும் அந்த அறிக்கைதான் ஆதாரம். முடியாது என்று சொல்லும் பள்ளி முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு லாபம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சேர்க்கை அலுவலர் சுற்றிக்காட்டுவதை முடித்த பிறகு, அதே வகுப்பு மாணவர் ஒருவரோடு பெற்றோர் இல்லாமல் அரை மணி நேரம் பேச விடுவீர்களா என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் தகவல் கையேட்டில் இருக்காது.

சேர்ந்த அன்றிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்தின் மதிப்பீட்டு அறிக்கை, பாடங்களின் பெயரும் குறியீடும், தேர்வு வாரியம், இலக்கிய நூல்களின் பட்டியல், தடுப்பூசிப் பதிவு எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த மாற்றல் ஜூலையில் வந்தால் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்காது. புதிய பள்ளியோ ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் ஆவணங்களைக் கேட்கும்.